எல்லை தாண்டும் வண்டிக்குப் பிணை யார்?



புதிதாக மோட்டார் சைக்கிள் வாங்கியவர்கள் அதனைக் கோவில் வாயிலுக்குக் கொணர்ந்து மந்திரிக்கச் சொல்வது நம் பங்குகளில் நெடுநாளைய வழக்கம். முன்பெல்லாம் அவ்வண்டிகள் அலுவலகத்திற்கும் சந்தைக்கும் ஓடின. இன்றோ நாம் தீர்த்தம் தெளித்து முடிப்பதற்குள், "சாமி, இந்த வண்டியிலேயே நேப்பாளம் போகப் போகிறேன்" என்று இளைஞர் சொல்கின்றனர். வேறு சிலர் வண்டியைக் கப்பலிலோ விமானத்திலோ ஏற்றி அனுப்பிப் பல நாடுகளைச் சுற்றிவரத் திட்டமிடுகின்றனர். இவ்வார்வத்தை நாம் குறைகூறப் போவதில்லை. டெட் சைமன் என்னும் ஆங்கிலேயப் பத்திரிகையாளர் 1973ஆம் ஆண்டு டிரையம்ஃப் வண்டி ஒன்றில் புறப்பட்டு, நான்கு ஆண்டுகள் உலகைச் சுற்றினார். மலேசியாவிலிருந்து கப்பலேறி அவர் வந்திறங்கிய துறை நமது மதராஸ்தான். அவர் எழுதிய நூலைப் படித்துக் கிளம்பியவர் பலர். அதே மனிதர் பிரேசில் நாட்டுத் துறைமுகம் ஒன்றில் இறங்கியபின் காவலர்களின் ஐயத்திற்கு ஆளாகிப் பல நாள் அடைபட்டுக் கிடந்தார் என்பதையும் அந்நூலே சொல்கிறது. அந்தப் பகுதியை நம் இளைஞர் சற்று விரைவாகப் புரட்டிவிடுகிறார்கள் போலும்.

பெற்றோர் அஞ்சுவது சாலையைப் பற்றி. மலைப்பாதை, மழை, எதிரே வரும் லாரி இவற்றை எண்ணித் தாய்மார் உறக்கமின்றித் தவிப்பதை நாம் அறிவோம். அவ்வச்சம் நியாயமானதே. ஆயினும் சாலையை எண்ணி இவ்வளவு கலங்கும் அதே குடும்பத்தில், மகன் நீட்டும் பிணைப் பத்திரத்தைத் தந்தை படித்தும் பாராமல் கையொப்பமிட்டுத் தருவதைக் காணும்போது நமக்கு வியப்பாக இருக்கிறது. ஆகவே இத்திங்களில் சாலையை விடுத்து, எல்லையில் நிற்கும் சுங்க அலுவலரின் மேசையைப் பற்றிச் சில சொற்கள் எழுதத் துணிந்தோம்.

சுங்கத்தார் மோட்டார் சைக்கிளை ஏன் இவ்வளவு கடுமையாக நோக்குகின்றனர்? காரணம் எளிது. வெளிநாட்டு வண்டி உள்ளே வந்தால் அதற்கு இறக்குமதி வரி உண்டு. சில நாடுகளில் அவ்வரி வண்டியின் விலைக்கு நிகராகவோ அதற்கு மேலாகவோ இருக்கும். பயணி என்று சொல்லிக்கொண்டு வரியின்றி வண்டியைக் கொண்டுவந்து, அங்கேயே விற்றுவிட்டுப் போனால் அரசுக்கு இழப்பு. ஆகவே அலுவலர் மனத்தில் இருப்பது ஒரே கேள்வி: இந்த வண்டி திரும்பிப் போகுமா? அவர் கேட்கும் ஒவ்வொரு தாளும், சட்டத்தில் பொறித்த எண்ணைத் தடவிப் பார்ப்பதும், முத்திரை குத்துவதும் எல்லாம் அந்த ஒரு கேள்வியிலிருந்தே பிறக்கின்றன. இதனை மனத்தில் இருத்திக்கொண்டால் எஞ்சியவை தாமே விளங்கும்.

முதலில் எளிய எல்லையைப் பார்ப்போம். நம் நாட்டவர் நேப்பாளம் செல்ல விசா வேண்டுவதில்லை. வண்டிக்கு மட்டும் எல்லைச் சுங்க அலுவலகத்தில் அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும். 'பன்சார்' என்று அவ்வூரார் அதனைச் சொல்வர். நேப்பாள மொழியில் சுங்கம் என்பதே அதன் பொருள். எத்தனை நாள் தங்குகிறோம் என்று முன்னரே சொல்லி, நாளொன்றுக்கு இவ்வளவு என்று கட்டணம் செலுத்த வேண்டும். ஓர் ஆண்டில் மொத்தம் 30 நாளுக்கு மேல் நம் வண்டி அங்கே இருத்தலாகாது. குறித்த நாள் கடந்தால் அபராதம். பத்து நாள் என்று எண்ணிப் புறப்படுவோர் பன்னிரண்டு நாளுக்குச் சீட்டு வாங்குவது நலம். மலைப்பாதையில் மண் சரிந்து வழி அடைபட்டால் அந்த இரண்டு நாள் உதவும்.

தென்னாட்டிலிருந்து செல்வோர் பலர் வண்டியைக் கோரக்பூர் வரை ரயிலில் அனுப்பிவிடுகின்றனர். சென்னை வழியே கோரக்பூர் செல்லும் ராப்திசாகர் விரைவு வண்டி இதற்குப் பேர்போனது. கோரக்பூரிலிருந்து சுனௌலி எல்லை ஏறக்குறைய 100 கிலோமீட்டர். பயணச் சீட்டு உள்ளவர் வண்டியைத் தம் சாமானாகப் பதிவு செய்யலாம். இல்லையேல் பார்சலாக அனுப்பலாம். எவ்வாறாயினும் பெட்ரோல் தொட்டி காலியாக இருத்தல் வேண்டும். வைக்கோலும் சாக்கும் சுற்றிக் கட்டுவதற்குப் பார்சல் அலுவலக வாயிலிலேயே ஆட்கள் உண்டு. பக்கக் கண்ணாடிகளை முன்னரே கழற்றிப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பார்சலாக அனுப்பிய வண்டி நாம் சென்ற ரயிலிலேயே வந்து சேரும் என்று எண்ணிவிட வேண்டாம். ஓரிரு நாள் பிந்தி வந்தால், கோரக்பூரில் தங்கும் செலவு நம்முடையது.

நேப்பாள எல்லையில் இளைஞர் இடறி விழுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில்.

ஒன்று, பதிவுச் சான்று. நம் குடும்பங்களில் வண்டி தந்தை பெயரிலோ தமையன் பெயரிலோ இருப்பது இயல்பு. உள்ளூரில் இதனை யாரும் பொருட்படுத்துவதில்லை. எல்லையில் இருக்கும் அலுவலருக்கோ, தன் பெயரில் இல்லாத வண்டியை ஓட்டிவரும் இளைஞன் விளக்கம் சொல்ல வேண்டியவன். உரிமையாளர் ஒப்புதல் தந்து எழுதிய கடிதம், முத்திரைத் தாளில், கையில் இருக்கட்டும். வண்டி கடனில் வாங்கப்பட்டதாயின் பதிவுச் சான்றிலேயே வங்கியின் அடமானம் குறிக்கப்பட்டிருக்கும். அப்பொழுது உண்மையில் அது வங்கியின் வண்டி. வெளிநாடு கொண்டுசெல்ல வங்கியிடமிருந்து தடையின்மைச் சான்று பெறுவதே முறை.

மற்றொன்று காப்புறுதி. நம் நாட்டில் எடுக்கும் வாகனக் காப்புறுதி நம் நாட்டின் எல்லைக்குள் மட்டுமே செல்லும். இதைப் படித்தவர்களும் அறியார். நேப்பாளம், பூட்டான், வங்காளதேசம், இலங்கை முதலிய அண்டை நாடுகளுக்கு அதனை நீட்டித்துத் தருமாறு கேட்டு, சிறு தொகை கட்டினால், கம்பெனியார் பாலிசியோடு ஓர் இணைப்பைச் சேர்த்துத் தருவர். கேளாதவருக்கு அவர்களாகவே தருவதில்லை. அங்கே ஒரு குழந்தை மீது வண்டி மோதிவிட்டால், இந்த ஒரு தாள் இல்லாமையால் குடும்பமே நிலம் விற்க நேரிடும். பிள்ளை புறப்படுமுன் வேறு எதையும் பார்க்க நேரமில்லையெனினும், பெற்றோரே, இதை மட்டுமாவது கேட்டு வாங்கிப் பாருங்கள்.

இனி, நாம் முதன்மையாகச் சொல்ல வந்த கார்னே என்பதற்கு வருவோம். பிரெஞ்சு மொழியில் 'கார்னே தெ பாசாஜ்' என்று வழங்கும் இது, சுங்கம் கடப்பதற்கான ஒரு புத்தகம். ஈரான், எகிப்து, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளுக்கு வண்டியைக் கொண்டுசெல்ல இது வேண்டும். 1954ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் கையெழுத்தான ஓர் உடன்படிக்கை இதற்கு அடிப்படை. நம் நாடும் அதில் சேர்ந்துள்ளது. இப்புத்தகத்தை அரசு தருவதில்லை. மோட்டார் சங்கங்களே தருகின்றன. நம் நாட்டில் மும்பையிலுள்ள மேற்கிந்திய ஆட்டோமொபைல் சங்கம் இதனை வழங்கி வருகிறது. பயணி வண்டியைத் திருப்பிக் கொண்டுபோகாவிடில் வரியை நாங்கள் கட்டுகிறோம் என்று சங்கம் அயல்நாட்டுச் சுங்கத்தாருக்கு வாக்குக் கொடுக்கிறது. முன்பின் அறியாத ஓர் இளைஞனுக்காகச் சங்கம் ஏன் அவ்வாறு வாக்குத் தரவேண்டும்? தராது. ஆகவே அது பயணியிடம் வைப்புத்தொகையோ வங்கிப் பிணையோ கேட்கிறது. வண்டியின் மதிப்பையும், செல்லவிருக்கும் நாடுகளுள் எங்கே வரி மிக உயர்ந்ததோ அதனையும் கணக்கிட்டே அத்தொகை முடிவாகிறது. இளைஞனிடம் அவ்வளவு பணம் இராது. வங்கியோ ஈடின்றிப் பிணை தராது. தந்தையின் வைப்புநிதி, தாயின் நகை, வீட்டுப் பத்திரம் ஆகியவை வெளிவருவது இவ்விடத்தில்தான்.

சங்கிலி இப்போது தெரிகிறதல்லவா? அயல்நாட்டுச் சுங்கத்தார் சங்கத்தைப் பிடிப்பர். சங்கம் வங்கியைப் பிடிக்கும். வங்கி வீட்டைப் பிடிக்கும். ஓட்டுபவன் எங்கோ பாலைவனத்தில் படம் எடுத்துக்கொண்டிருப்பான்.

அப்புத்தகத்தின் ஒவ்வொரு தாளும் மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். வண்டி ஒரு நாட்டினுள் நுழையும்போது அலுவலர் ஒரு பகுதியைக் கிழித்து வைத்துக்கொள்வார். வெளியேறும்போது மற்றொரு பகுதி கிழிக்கப்படும். மூன்றாவது பகுதியான அடிக்கட்டை புத்தகத்திலேயே தங்கும். அதில் நுழைவுக்கு ஒன்றும் வெளியேற்றத்திற்கு ஒன்றுமாக இரண்டு முத்திரைகள் விழவேண்டும். நுழைவு முத்திரையை யாரும் மறப்பதில்லை, அலுவலரே விடமாட்டார். மறக்கப்படுவது வெளியேறும் முத்திரை. மாலை மங்கும் நேரம், சுங்க அறை பூட்டிக் கிடக்கும், எல்லைக் காவலர் கடவுச்சீட்டில் முத்திரையிட்டுக் கையசைத்து அனுப்பிவிடுவார். பயணியும் மகிழ்ந்து போய்விடுவான். அந்நாட்டுக் கணக்கின்படி மனிதன் வெளியேறிவிட்டான்; வண்டி இன்னும் உள்ளே இருக்கிறது. ஆகவே இரவு முழுதும் காத்திருக்க நேர்ந்தாலும், அடிக்கட்டையில் இரண்டாம் முத்திரை விழாமல் கயிற்றைத் தாண்டக்கூடாது. இது ஒன்றை மட்டும் மகனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு அனுப்பலாம். நாம் தடை சொல்லமாட்டோம்.

வழியில் வண்டி நொறுங்கிவிட்டால் என்ன செய்வது? உடைந்த வண்டியைச் சாலையோரம் விட்டுவிட்டு விமானமேறி வீடு திரும்பியவன், உயிரோடு வந்ததற்காக ஆலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றுவான். நன்று. ஆனால் கடன் அங்கே நிற்கிறது. விபத்து நடந்தது உறுதியானால், வரியைக் கட்டலாம், அல்லது வண்டியைச் செலவின்றி அந்நாட்டு அரசுக்கே விட்டுக்கொடுக்கலாம், அல்லது அலுவலர் முன்னிலையில் நம் செலவில் அதனை அழித்துவிடலாம் என மூன்று வழிகளை உடன்படிக்கை காட்டுகிறது. அவற்றுள் எது என்பதை முடிவு செய்யும் அதிகாரம் அந்நாட்டுச் சுங்கத்தாருடையது. எதுவாயினும் அவர்கள் கையால் எழுதிய சான்று வேண்டும். திருட்டுப் போயிற்று என்று காவல் நிலையத்தில் எழுதி வாங்கிய தாள் ஒன்றினால் மட்டும் வரிக்கடன் தீர்ந்துவிடாது என்பதையும் குடும்பத்தார் அறிந்திருப்பது நல்லது.

பிணை நிற்பது பாவமா என்று ஒரு தந்தையார் நம்மை நேரிலே கேட்டார். நீதிமொழிகள் நூல் அதனைக் குறித்துப் பலமுறை எச்சரிக்கிறது என்பது உண்மை. ஆனால் நம் விவிலியத்திலுள்ள சீராக் ஞான நூலின் 29ஆம் அதிகாரம் இருபுறமும் பார்க்கிறது. நல்லவன் அயலானுக்குப் பிணை நிற்பான் என்றும் அது சொல்கிறது. பிணை நின்று கெட்டவர் பலர் என்றும் சொல்கிறது. தன் மகனுக்காக நிற்பது தந்தையின் அன்பு. ஆயினும், மூத்தவனின் உலகப் பயணத்திற்காக வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கும்போது, அவ்வீட்டில் பங்குள்ள தங்கைக்கு அது தெரியுமா என்றுதான் நாம் திருப்பிக் கேட்டோம். தெரியாது என்றார். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் முதலில் சொல்லிவிட்டு வருமாறு அனுப்பிவைத்தோம். வீட்டில் பெரிய வாக்குவாதம் நடந்ததாகக் கேள்வி. முடிவில் பத்திரம் வெளியே வரவில்லை. இளைஞன் இன்னும் ஈராண்டு உழைத்துத் தன் பணத்தையே வைப்பாக வைப்பதென்று ஏற்பாடாயிற்று. அவனுக்கு நம்மீது கொஞ்சம் வருத்தந்தான்.

வண்டியைப் பெட்டியில் அடைக்கும் வேலை இளைஞருக்கு மிகப் பிடித்தமானது. அதைப் பற்றி அவர்களே நமக்குப் பாடம் எடுப்பார்கள். எனினும் பணம் கரைகிற இடங்கள் சிலவற்றைச் சொல்லிவைப்போம். விமானத்தில் சரக்கின் எடையை மட்டும் பார்ப்பதில்லை. அது அடைக்கும் இடத்தையும் பார்க்கின்றனர். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 6000 ஆல் வகுத்தால் வருவது ஒரு கணக்கெடை. உண்மை எடை, கணக்கெடை இரண்டில் எது மிகுதியோ அதற்கே கட்டணம். பெட்டியோடு 200 கிலோ உள்ள ஒரு வண்டி, 220 நீளமும் 90 அகலமும் 120 உயரமும் உள்ள பெட்டியில் நின்றால் 396 கிலோவுக்குக் கட்டணம் கட்டவேண்டும். முன்சக்கரத்தையும் கைப்பிடியையும் கண்ணாடிகளையும் கழற்றிப் பெட்டியை 200, 70, 105 என்று சுருக்கினால் 245 கிலோவாகக் குறையும். பட்டறையில் அரை நாள் வேலை. மிச்சமாவது 151 கிலோவின் கட்டணம்.

பெட்டியின் மரத்திற்கும் சட்டம் உண்டு என்றால் சிரிப்பீர்கள். மரத்துளைப் பூச்சிகள் நாடுவிட்டு நாடு பரவுவதைத் தடுக்க 2002இல் ஒரு பன்னாட்டு விதி ஏற்பட்டது. அதன்படி, மரத்தைச் சூட்டால் பக்குவப்படுத்துவதாயின், அதன் உட்பகுதி 56 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் இருக்கவேண்டும். அதற்கு அடையாளமாகக் கோதுமைக் கதிர் முத்திரை மரத்தில் பொறிக்கப்படும். தெரு முனைத் தச்சர் நம்மவர்தானே என்று பழைய பலகையில் பெட்டி செய்தால், அது அயல்நாட்டுத் துறைமுகத்தில் திருப்பி அனுப்பப்படவும் கூடும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாட்டார் சக்கர மூடியின் உட்புறம் ஒட்டிய மண்ணைக்கூட விடார். ஆகவே வண்டியைத் தலைகீழாய்க் கவிழ்க்காத குறையாகக் கழுவ வேண்டும். அப்படிக் கழுவும்போதே எஞ்சின் எண்ணும் சட்ட எண்ணும் தெளிவாகத் தெரிகின்றனவா, பதிவுச் சான்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். எஞ்சினை மாற்றி, அதனைப் பதிவில் திருத்தாமல் விட்ட வண்டியை எல்லைக்கு அனுப்பவே வேண்டாம்.

விமானத்தில் செல்லும் மோட்டார் சைக்கிள் ஆபத்தான சரக்குகளின் பட்டியலில் சேர்ந்தது. பெட்ரோலை இயன்றவரை வடித்துவிட வேண்டும். மீந்தது தொட்டியின் கால் பங்கைத் தாண்டலாகாது. பேட்டரி அசையாமல் பிணைக்கப்பட்டு, முனைகள் ஒன்றோடொன்று படாதவாறு மூடப்பட்டிருக்க வேண்டும். பெட்டிக்குள் வண்டியைப் பக்க ஸ்டாண்டில் சாய்த்து வைக்காமல், நிமிர்த்தி நிறுத்தி, நான்கு பக்கமும் பட்டை நாடாவால் இழுத்துக் கட்டுவர். வழியில் உதவும் என்று சங்கிலி எண்ணெய் ஸ்பிரே டப்பாவையும், அம்மா கொடுத்த ஊறுகாயையும், போர்வையையும் பக்கப்பெட்டியில் திணித்து அனுப்புவது வேண்டாத வேலை. சரக்குச் சீட்டில் எழுதாத பொருள் ஒன்று அகப்பட்டாலும் பெட்டி முழுவதும் நிறுத்தப்படும். நிறுத்தப்பட்ட ஒவ்வொரு நாளுக்கும் கிடங்கு வாடகை ஏறும். ஊறுகாய் கைப்பையிலே போகட்டும்.

புறப்படும் துறைமுகத்தில் நம் நாட்டுச் சுங்கத்தாரிடமும் வண்டி வெளியேறியதற்குச் சான்று பெறுவது இன்றியமையாதது. திரும்பி வரும்போது, இது இங்கிருந்து போன அதே வண்டி என்று நிலைநாட்டாவிடில் சொந்த நாட்டிலேயே இறக்குமதி வரி கேட்கப்படும். ஓட்டுபவனுக்கு, வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் தரும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வேண்டும். அது ஓராண்டுக்குச் செல்லும். வண்டியின் பின்னால் வெள்ளை முட்டை வடிவில் 'ஐ.என்.டி.' என்ற மூன்று எழுத்தும் வேண்டும்.

பயணம் முடிந்து மகன் வீடு வந்து சேர்ந்தவுடன் தாய் சமையலைத் தொடங்கிவிடுவார். தந்தை செய்யவேண்டிய வேலை வேறு. கார்னே புத்தகத்தை வாங்கி, சென்ற நாடுகளின் அடிக்கட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, இரண்டு முத்திரைகளும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஏதேனும் ஒன்று விடுபட்டிருந்தால், வண்டி இப்பொழுது இந்தியாவில் இருக்கிறது என்பதற்குச் சுங்கத்தாரிடம் சான்று பெற்றுச் சங்கத்திற்குக் காட்டலாம். அதற்கு வழி உண்டு. புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்குமுன் எல்லாத் தாள்களையும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஏனெனில், புத்தகத்தின் தவணை முடிந்தபின்னும் ஓராண்டுக்குள் அயல்நாட்டுச் சுங்கத்தார் சங்கத்திடம் முறையிட உடன்படிக்கை இடந்தருகிறது. முறையீடு வந்தால், வண்டி வெளியேறிற்று என்று காட்டச் சங்கத்திற்கு மேலும் ஓராண்டு உண்டு. அந்நகல்களை, வங்கியிலிருந்து திரும்பி வந்த வைப்புநிதிச் சீட்டோடும் வீட்டுப் பத்திரத்தோடும் ஒரே உறையிலிட்டு, அந்த நாட்கள் கழியும்வரை பீரோவில் வைத்திருங்கள்.